‘வச்சிரும்’ என்று எழுதிவிட்டுப் போன மைதீன்

வியாழக்கிழமை காலை மைதீனின் எண்ணிலிருந்து போன் வந்தபோது, சங்கரன்கோவிலில் எங்கள் அலுவலக மாடிப்படியில் பாதி ஏறியிருந்தேன். “சொல்லும் வே, அந்த வரியை என்ன செய்யணும்?” என்றேன். அந்தப் பக்கம் வேறு குரல். “அண்ணே, நான் அவுக மச்சினன் பேசுதேன். மச்சான் மவுத்தாயிட்டாக. நெஞ்சு வலிக்குன்னாக, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னயே முடிஞ்சிட்டு.”

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அழுகை வருமுன் எனக்குப் பயம் வந்தது. இனி அந்த வரியை யாரிடம் போய்க் கேட்பேன் என்ற பயம். கூட வேலை பார்த்தவன் செத்த செய்தி காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே இப்படி ஒரு நினைப்பா என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் அன்றைக்கே போய்விட்டது, பயம் போகவில்லை.

நம் குழுவில் பாதிப் பேருக்கு மைதீனை மின்னஞ்சலில்தான் தெரியும். அவருடைய உறவினர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக் கட்டில்களின் பக்கத்தில் நிற்கும் கண்காணிப்புக் கருவிகளுக்கு நாங்கள் கெர்னல் எழுதுகிறோம். கெர்னல் என்றால் இயங்குதளத்தின் அடிப்பகுதி. மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதன் மேல்தான் ஓடும். ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை இன்னொரு புரோகிராமுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் சின்னத் துணைநிரல் ஒன்றை நானும் அவரும் வடிவமைத்துக்கொண்டிருந்தோம். வாங்குகிற புரோகிராமுக்குக் கிடைப்பது ஒரு எண் மட்டும்தான். அசல் ஃபைல் கெர்னலிடமே இருக்கும், அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையோடு. கடைசிப் பிடியும் விட்டுப்போனால் ஃபைல் மறைந்துவிடும், அந்த இடம் வேறொரு ஃபைலுக்குப் போய்விடும்.

நான் எழுதிய முதல் வடிவத்தில், வாங்குகிறவரின் எண் அட்டவணையில் ஃபைலைப் போட்டுவிட்டு, பிறகு ஏதாவது பிழை வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாக இருந்தது. சோதனை அறையில் இரண்டு கருவிகளை இணைத்து ஓட்டினோம். முதல் கருவியின் நாடித்துடிப்புக் கோடு இரண்டாவதின் திரையில் ஓடியது; நான் திரும்ப எடுப்பதற்குள் அந்த இடம் வேறு ஃபைலுக்குப் போயிருந்தது. “அட, இது எப்படி வே!” என்று நான் சிரித்துவிட்டேன். மைதீன் முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “அங்கன ஒருத்தன் படுத்துக் கெடந்தா? அவனுக்குத் துடிப்பு நின்னிருக்கும். திரையில பக்கத்துக் கட்டில்காரன் துடிப்பு ஓடும். டாக்டர் பாத்துட்டு நல்லாருக்காருன்னு போயிருவாரு வே.” அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி. “போட்டாச்சுன்னா எடுக்க முடியாது” என்பார். அட்டவணையில் போடுவது எல்லாப் பிழைகளையும் பார்த்து முடித்த பிறகுதான். ஒவ்வொரு மாற்றத்தையும் நான் அனுப்பியதும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “போட்டாச்சா? எங்கன போட்டீரு?” பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வேன். “ஆமா வே, நான் பயந்தாங்கொள்ளிதான். நீரு பெரிய தைரியசாலி. அதனாலதான் நீரு எழுதினதை மூணு தடவை வாசிக்கேன்” என்பார்.

எங்கள் இருவருக்குள் குறிப்புகளை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதிக்கொள்வோம். அதுவும் அவர் ஏற்பாடுதான். “இங்கிலீஷ்ல எழுதினா மரியாதைக்குப் பொய் சொல்லிருவேன் வே” என்றார். ஆகவே என் வரிகளுக்குப் பக்கத்தில் “இது வெளங்காது”, “யாரு எழுதினது, நீரா?” என்றெல்லாம் இருக்கும். புதன்கிழமை சாயங்காலம் கடைசியாக ஒரு வரிக்குப் பக்கத்தில் எழுதினார்: “இங்கன ஃபைலை வச்சிரும். காலையில பேசுதேன்.”

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் உள்ள வினை புரியும். ‘வைத்துவிடும்’ என்பதும் நமக்கு வச்சிரும்தான், ‘வைத்திரும்’ என்பதும் வச்சிரும்தான். ஒன்று கீழே வைத்துவிடச் சொல்வது, அதாவது ஃபைலின் மீதுள்ள பிடியை விடுவது. மற்றது விடாமல் பிடித்திருக்கச் சொல்வது. விடக்கூடாத இடத்தில் விட்டால், ஒருவர் துடிப்பு இன்னொருவர் திரையில் ஓடும். விடவேண்டிய இடத்தில் விடாவிட்டால் பிடிகள் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் கருவியே நின்றுபோகும். அந்த வரியில் அவர் எதையோ பார்த்திருக்கிறார். காலையில் சொல்வதாக இருந்தார்.

அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து இரண்டு விதமாகவும் எழுதி ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் நல்லபடியாக ஓடின! அதுதான் என்னைக் கலங்கடித்தது. இந்த மாதிரிப் பிழை ஆயிரத்தில் ஒரு நொடியில், இரண்டு வேலைகள் சரியாக மோதிக்கொள்ளும்போது மட்டும் வரும். சோதனை அறையில் ஒளிந்திருந்துவிட்டு, ஆள் படுத்திருக்கும் கட்டில் பக்கத்தில் போய் வரும். எனக்குச் சோறு இறங்கவில்லை. கருவிகள் மருத்துவமனைகளுக்குப் புறப்படப் பத்து நாள்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதும் சடங்குக்கு, கடையநல்லூரில் மைதீன் வீட்டுக்குப் போனேன். மச்சினன் மைதீனின் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மைதீனின் மனைவி, கணவரை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்ததால் வெளியே வரவில்லை. உள்ளறையிலிருந்து குரல் மட்டும் வந்தது: “அதை நீங்களே வச்சிருங்கண்ணே.”

மறுபடியும் அதே சொல். “என்ன தங்கச்சி சொல்லுதீங்க? நான் வச்சுக்கிடவா, இங்கனயே வச்சிட்டுப் போகவா?”

உள்ளிருந்து அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு. “அவுகள்ட்ட நான் நித்தம் கேக்குற கேள்வில்லா இது. பால் செம்பை வச்சிருன்னுவாக. நான் கையில பிடிச்சுக்கிட்டே நிப்பேன்.”

“அதுக்கு என்ன சொல்லுவாக?” என்றேன்.

“எதுக்குன்னு பாரு, தன்னால தெரியும்பாக.”

திரும்பி வந்து, அவர் என்ன சொன்னார் என்று தேடுவதை விட்டேன். ஒவ்வொரு வரியாக, இந்த ஃபைல் இங்கே எதுக்கு என்று கேட்டுக்கொண்டே வாசித்தேன். கடவுளே, கண் முன்னால்தான் இருந்தது. அட்டவணையில் போட்ட பிறகும் என் அடுத்த வரி அதே ஃபைலைத் தொடுகிறது. போட்ட மறுகணமே வாங்கியவர் மூடிவிட்டால், நான் தொடுவது யாருடைய ஃபைலையோ. போடுவதற்கு முன் நமக்கென்று தனியாக ஒரு பிடி பிடித்திருக்க வேண்டும். கடைசி வரி முடிந்ததும் அதை விட்டுவிட வேண்டும். இரண்டு வச்சிரும்களும் தேவைப்பட்டன. மைதீன் ஒன்றைச் சொன்னாரா, இரண்டையுமா என்பது எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியப்போவதும் இல்லை.

இத்தனை ஆண்டுகள் நான் தைரியமாகத் திரிந்தது எப்படி என்று இப்போதுதான் உறைக்கிறது. எனக்கும் சேர்த்து அவர் பயந்துகொண்டிருந்தார். அந்தப் பயம்தான் அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது. அதை நான் யாருக்கும் கைமாற்றப் போவதில்லை. அதோடுதான் இனி எழுதுவேன்.

திருத்தத்தை இன்று காலை உங்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கை பழக்கத்தில் மைதீன் பெயரை அடித்துவிட்டது. அழித்தேன். இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. கருவிகள் திங்கட்கிழமை புறப்படுகின்றன. உங்களில் யாராவது ஒருவர், தயவுசெய்து, பயந்துகொண்டே வாசியுங்கள்.