ஏலத்துக்குப் போன பரங்கிக்காய்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனையைவிட ஏலத்துக்குத்தான் கூட்டம். தாம்பரத்தில் அறுக்க வயல் ஏது என்று கேட்காதீர்கள். கோயம்பேட்டில் வாங்கிய வாழைத்தாரையும் மொட்டைமாடியில் காய்த்த நாலு கத்தரிக்காயையும் பீடத்தின் முன் படைப்போம். பிறகு அவற்றையே வெளியே பந்தலில் ஏலம் விடுவோம். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, "மறுபடியும் விடுங்க" என்று பொருளைத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். ஒரே தேங்காய் பல கை மாறும். அந்தப் பணத்தில்தான் ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசிப் பை, பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு. நல்ல ஏற்பாடுதான். இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு வருடம் ஏரிக்கரையிலிருந்து ஒரு பெண் பெரிய பரங்கிக்காயோடு வந்தாள். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலை, புருஷன் இல்லை. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தது எங்கள் உதவியில். அவர்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள்கூட இல்லை. கூரைமேல் கொடி ஏற்றி, அந்த ஒரு காயை மட்டும் பறிக்காமல் முற்ற விட்டிருந்தாளாம். அரிசி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால் என்னிடம்தான் நீட்டினாள்.

"எப்பவும் வாங்கிக்கினே கீறோம்க்கா. இத யாராச்சும் ஆக்கித் துன்னட்டும்."

ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலை. ஏலத்துக்கு நிற்கவில்லை.

அன்றைக்கு அந்தக் காய்தான் ராஜா. யார் கொடுத்தது என்று நான் மைக்கில் சொல்லப்போக, எல்லோருக்கும் மனசு இளகிவிட்டது. குரோம்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். ஒரு டாக்டர் எடுத்தார், கொடுத்தார். நானும் எடுத்தேன்; கைதட்டினார்கள்; கொடுத்தேன். கடைசியாக எடுத்தது அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்த பையன். சாயங்காலம் ஃப்ளைட், இதை எங்கே கொண்டுபோவது என்று சிரித்துக்கொண்டே மேசையில் வைத்துவிட்டான். பிரியாணி வாசனை வந்ததும் நாங்களும் பந்திக்கு ஓடிவிட்டோம்.

அந்த வாரக் கடைசியில் அரிசி வாங்க வந்தாள். கோயில் அலுவலக வராந்தா மூலையில் காய் கிடந்தது. யாரோ நாற்காலி அடுக்கும்போது இடித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் பிளந்து, அழுகி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள்.

நான் அவசர அவசரமாக விளக்கினேன். எல்லாவற்றையும்விட அதுதான் அதிக விலைக்குப் போனது, மகள் ஃபீஸுக்கே ஆகும் என்றேன். கேட்டுப் பூரித்துப்போவாள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"அந்தக் காசு நீங்க குடுத்ததுக்கா," என்றாள். "நான் குடுத்தது இதான்."

கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அரிசிப் பையை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளுக்கு அந்த வசதி இல்லை. பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வரேன்க்கா என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

என் வீடு கோயிலுக்கு அடுத்த தெரு. பரங்கிக்காய் சாம்பார் என்றால் எனக்கு உயிர். என் கைக்கு வந்ததை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஒரு கிண்ணம் சாம்பார் அவளுக்கே கொடுத்தனுப்பியிருக்கலாம்.

அடுத்த பண்டிகைக்கு முன்னால் ஏரிக்கரைக்கு நானே போனேன். ஏதாவது கொண்டு வா, ஏலத்துக்கு விட மாட்டேன், நானே சமைத்துச் சாப்பிடுவேன் என்றேன். அவள் சிரித்தாள்.

"எங்ககிட்ட இன்னாக்கா கீது குடுக்க," என்று சொல்லிவிட்டு, நான் உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.