காயத்ரியின் கைராசி

காயத்ரி பிறந்தது முசரவாக்கம், வாக்கப்பட்டது பிள்ளையார்பாளையம். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள். அது என்ன படிப்பு என்று மாமியார் தையல்நாயகிக்கு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் வேலை கிடைத்து, மருமகள் காலையில் வேனில் ஏறிப் போகத் தொடங்கியதும், "அங்க என்னதாம்மா செய்யறே?" என்று கேட்டாள்.

"ரியாக்‌ஷன் ஆவுதா இல்லியான்னு பாக்கறது அத்தை."

காயத்ரி சரியாகத்தான் சொன்னாள். ஆனால் தையல்நாயகிக்குத் தெரிந்த ரியாக்‌ஷன் ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டு வள்ளி ஊசி போட்டுக்கொண்டு உடம்பெல்லாம் தடித்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அது. அன்றிலிருந்து சாயங்காலம் காயத்ரி செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"இன்னிக்கு ரியாக்‌ஷன் ஏதும் ஆவலியே?"

"ஆவல அத்தை."

"அப்பாடா."

விளக்கிப் பார்த்து அலுத்துப்போய் காயத்ரி விட்டுவிட்டாள். பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நிஜமாகவே எந்த ரியாக்‌ஷனும் ஆகவில்லை.

வேலை இதுதான். இரண்டு பொருள்களைச் சேர்த்துப் புதுப் பொருள் ஒன்றை உண்டாக்க வேண்டும். எந்தச் சூட்டில், எதைத் துணைக்குப் போட்டால் அது உண்டாகும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆயுசு போதாது. அதனால் தொண்ணூற்றாறு குழி உள்ள ஒரு சின்னத் தட்டில் குழிக்கு ஒரு விதமாகச் சேர்த்து வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளியை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற மெஷினுக்குக் கொடுப்பார்கள். துளியில் இருக்கும் மூலக்கூறுகளை அது எடை போட்டுச் சொல்லிவிடும். இவர்கள் தேடிய பொருளுக்கு எடை 443. திரையில் அந்த எண்ணுக்கு மேல் கோடு எழுந்தால் அந்தக் குழியில் காரியம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் ஒரு குழியிலும் அது எழவில்லை.

2003 தீபாவளி முடிந்து வேலைக்குப் போன காயத்ரி ஒரு தட்டுப் போட்டாள். அத்தனை குழியிலும் 443 எழுந்து நின்றது.

செக்‌ஷன் தலைவர் ராஜகோபால் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். காயத்ரி மட்டும் ஓரத்துக் குழிகளைத் திரும்பப் பார்த்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவற்றில், எல்லாக் குழிக்கும் ஊற்றுகிற கரைப்பானான மெத்தனாலை மட்டும் ஊற்றியிருந்தாள். அங்கேயும் 443. உலையில் அரிசியே போடாமல் சோறு வெந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

"பக்கத்துக் குழியிலேர்ந்து தெறிச்சிருக்கும்மா" என்றார் ராஜகோபால்.

அதே சேர்மானத்தில் புதுத் தட்டு ஒன்றைக் கூட வேலை செய்யும் தோழி கலாவதி போட்டாள். ஒன்றுமே இல்லை. மறுபடி காயத்ரி போட்டாள். மறுபடி எல்லாவற்றிலும் 443.

"கைராசிக்காரிப்பா நீ. இனிமே என் தட்டையும் நீயே போட்டுடு" என்று கலாவதி கேலி செய்தாள். ராஜகோபாலோ கேலி செய்கிற நிலையில் இல்லை. திங்கட்கிழமை பெரிய ஆபீசிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்ட அந்தக் கோடுகளை வைத்துப் படம் தயாரித்து, அதில் காயத்ரி பேரையும் போட்டுவிட்டார். அவளுடைய வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமா இல்லையா என்று கம்பெனி சொல்ல வேண்டிய மாதம் அது. வந்தது நிஜம் என்றால் வேலை நிலைக்கும். பொய் என்றால், அந்தப் பொய் இவள் கையால் மட்டும்தான் வந்திருக்கிறது.

கையுறையை மாற்றினாள். மெத்தனால் பாட்டிலை மாற்றினாள். குளிக்கிற சோப்பைக்கூட மாற்றினாள். 443 அசைந்து கொடுக்கவில்லை. ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்ச் சுற்றிவிட்டு, என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் திரும்பினாள். வரவேண்டும் என்றா, போகவேண்டும் என்றா?

ஞாயிற்றுக்கிழமை தட்டில் இட்லி வைத்த தையல்நாயகி, மருமகளின் இடது கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐய, என்னாம்மா இது? இவ்ளோ செவந்துக்கினு இருக்குது? ரியாக்‌ஷன் ஆயிடுச்சா?"

தீபாவளியன்று கேதார கௌரி நோன்புக்குக் கட்டிய கயிற்றின் கீழே மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம்.

"ரியாக்‌ஷன் இல்ல அத்தை, சாயம்" என்றாள் காயத்ரி. சொல்லிவிட்டு, பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தாள்.

வழக்கமாக நோன்புக் கயிற்றை மஞ்சளில்தான் தோய்ப்பார்கள். இந்த வருஷம் அந்த வேலையைச் செய்தவன் அவள் புருஷன் ஜெயக்குமார். வீட்டுக்குப் பின்னால் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ராணி கலர் சாயம் மிச்சம் இருந்துது, அதுல போட்டேன். ரோடமின்தான். ஏன்?"

"ஏங்க, பருத்தி நூல் கயித்துல பட்டுச் சாயம் நிக்குமா?"

"நிக்காதுதான். நோம்புக் கயித்த யாரு துவைக்கப் போறாங்கன்னு உட்டுட்டேன்."

பட்டு நெய்கிற அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. காயத்ரி காலண்டர் தாளைக் கிழித்து, ரோடமின் மூலக்கூறில் இருக்கும் அணுக்களின் எடையைக் கூட்டினாள். 443. நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லும் மெஷினாக இருந்தால் இது வேறு, அது வேறு என்று காட்டிக் கொடுத்திருக்கும். இவர்களிடம் இருந்தது அந்த ரகம் இல்லை.

கயிற்றின் வாலை நீளமாகத் தொங்க விட்டுக் கட்டுவது தையல்நாயகி வழக்கம். குழிகளுக்கு ஊற்றும்போது காயத்ரி மெத்தனால் தொட்டியை இடது கையால்தான் பிடித்துக்கொள்வாள். கையுறைக்கு வெளியே தொங்கிய வால் தொட்டியில் தோய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கொஞ்சூண்டு சாயமே மெஷினுக்குப் போதும்.

தானாக அறுந்து விழும்வரை நோன்புக் கயிற்றைக் கழற்றக்கூடாது என்பது அந்த வீட்டு முறை. "வாலை மட்டும் நறுக்கினா தப்பா அத்தை?" என்று கேட்டாள்.

"முடிச்சு இருந்தா போதும்மா. வாலை வெச்சிக்கினு என்னா பண்ணப் போறே?"

காயத்ரி வாலை நறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்தாள். ராஜகோபாலிடம் சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்று இரண்டு தரம் தோன்றியது. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் நாளைக்கும் ஒரு தட்டுப் போட வேண்டுமே, அதற்கு அடுத்த நாளும் போட வேண்டுமே.

திங்கட்கிழமை, விருந்தாளிகள் வருவதற்கு முன்பே, நறுக்கிய வாலை மெத்தனாலில் ஊறவைத்து அந்தத் துளியை மெஷினுக்குக் கொடுத்தாள். 443 திரையின் உச்சியைத் தொட்டது.

"இது எந்தக் குழிம்மா?" என்று ஆசையாகக் கேட்டார் ராஜகோபால்.

"குழி இல்ல சார். என் நோம்புக் கயிறு."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் உட்கார்ந்தார்.

"அப்போ இத்தனை நாளா ஆன ரியாக்‌ஷன்?"

"ஒண்ணுமே ஆவல சார். சாயம்."

"இதை அவங்க பாத்துட்டுப் போனப்புறம், மத்தியானத்துக்கு மேல வந்து சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. அவள் பேர் இருந்த படத்தை அவரே எடுத்துவிட்டு, "மெஷினைக் கழுவி, புதுசா ஒரு தட்டுப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை இருக்கிறது என்கிறாரா, கடைசியாகக் கழுவி வைத்துவிட்டுப் போ என்கிறாரா, அவளுக்கு விளங்கவில்லை. கழுவினாள். முடிச்சைக் கையுறைக்குள் தள்ளிக்கொண்டு தட்டுப் போட்டாள். திரையில் எல்லாக் குழியும் 443 இல்லாமல் சுத்தமாக, காலியாக இருந்தது.

சாயங்காலம் வேனுக்கு நிற்கும்போது ராஜகோபால் எதிரே வந்தார்.

"நாளைக்கு வரட்டுமா சார்?"

"வராம? தட்டு யாரு போடறது?" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் போய்விட்டார். வழி நெடுக அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதிலிருந்து நிரந்தரம் என்ற சொல் கிடைக்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தையல்நாயகி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு மங்கியிருந்தது.

"இன்னிக்கு ரியாக்‌ஷன் ஏதும் ஆவலியே?"

"ஆவல அத்தை. ஒண்ணுல கூட ஆவல."

"அப்பாடா, கௌரியம்மன் காப்பாத்துனா."

காயத்ரி ஒரு செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு நல்ல சேதியைச் சொல்லிவிட்டு ஏன் அழுகிறாள் என்று தையல்நாயகிக்குப் புரியவே இல்லை.