பிலோமினா அன்ரியைச் சுருக்கிய கதை

இன்று காலை பல் விளக்கிக்கொண்டே வட்ஸ்அப்பைத் திறந்தால் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றின் பழைய வலைப்பந்து அணி. வரிசையாக ஒன்பது பேர் நிற்கவேண்டும். நடுவில் ஐந்து பேர்தான் நின்றார்கள். யாரோ முன்னோட்டத்தில் வெட்டுப்பட்ட படத்தையே சேமித்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வந்த சிரிப்பில் பற்பசை கண்ணாடி முழுக்கத் தெறித்தது. ஏனென்று சொல்கிறேன், வாயைக் கொப்பளித்துவிட்டு வருகிறேன்.

என் முதல் வேலை வெள்ளவத்தையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், புடைவைக் கடைக்கு மேலே. புதுச் சேலைக் கஞ்சி வாசமும் கீழே பக்கத்துச் சோற்றுக் கடையிலிருந்து வரும் கறி வாசமும் கலந்து அடிக்கும். சேர்வர் மேசைக்கடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட நுவன் எங்களிடம்தான் தமிழ் பழகினான், அதனால் சேர்வருக்கும் மரியாதை கொடுப்பான். முதலாளி சிவநேசன் அண்ணை அந்தப் பாடசாலையின் பழைய மாணவிகளுக்காக ஒரு விக்கித் தளம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். யாரும் எழுதலாம், யாரும் படம் ஏற்றலாம். படங்களைத் திரைக்கு ஏற்றபடி சுருக்கும் பகுதி என் பொறுப்பு. படம் சுருக்குவதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். அவ்வளவு மண்டைக்கனம்.

பிலோமினா அன்ரி அந்த அணியில் வலப்பக்க ஓரத்தில் நின்றவர். பாடசாலைச் சுவரில் தொங்கும் படத்தில் அவர் இல்லை. சட்டம் போட்டவர் கண்ணாடிக்கு அடங்கவில்லையென்று ஓரத்தைக் கத்தரித்துவிட்டாராம். அதன்பிறகு தோழி ரீற்றா, "நீ விளையாடினாயா? தண்ணி போத்தல் தூக்கினது நீதானே!" என்று ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் கேலி செய்வாராம். வெட்டாத பிரதி அன்ரியிடம் மட்டும்தான் இருந்தது. அடுத்த ஒன்றுகூடலில் எல்லோர் முன்னாலும் அதைக் காட்டவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. ஸ்டூடியோவில், "ஆகப் பெரிசா ஸ்கேன் பண்ணித் தாங்க" என்று கேட்டு வாங்கி ஏற்றினார்.

கோப்பாகக் கிடக்கும்போது சாதுவாக இருந்த படம், திறந்ததும் பாய் மாதிரி விரிந்து சேர்வரின் நினைவகம் முழுவதிலும் படுத்துக்கொண்டது.

"நங்கி, இவர் திரும்பச் செத்திட்டார்," என்றான் நுவன். தங்கச்சி என்பது மட்டும் அவனுக்குச் சிங்களத்தில்தான் வரும்.

நான் அவசரத்துக்கு ஒரு தந்திரம் செய்தேன். அளவு மீறிய படமென்றால் நடுப்பகுதியை மட்டும் எடு என்று நிரலில் எழுதினேன். சேர்வர் பிழைத்தது. அன்று பின்னேரமே அன்ரி தொலைபேசியில் வந்தார்.

"மகள், அங்கயும் வெட்டுனாங்க, இங்கயும் வெட்டிட்டீங்களா?"

எனக்குக் காது சிவந்துவிட்டது. சட்டம் போட்டவராவது கண்ணாடிக்காக வெட்டினார். நான் சோம்பேறித்தனத்தில் வெட்டினேன்.

வெட்டாமல் சுருக்கினால் ஒரு தரம் வேலை செய்தது. அலுவலகத்தில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாகத் திறந்தால் மறுபடி விழுந்தது. ஒன்றுகூடலுக்கோ ஐம்பது பேர் வருகிறார்கள். விடை அந்தச் சோற்றுக் கடையின் பார்சலில் கிடந்தது. நல்ல மழை நாள், ஐந்து பேரும் ஐந்து குடையோடு படியிறங்கினோம். சிவநேசன் அண்ணை மறித்தார்.

"ஒரே கடை, ஒரே சாப்பாடு. ஏன் எல்லாரும் நனையிறியள்? ஒராள் போங்கோ, மற்ற ஆக்கள் இருந்து கதையுங்கோ."

நான் குடையைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். ஒரே படத்தை ஐந்து பேர் கேட்டால் என் நிரல் ஐந்து தரம் சுருக்கிக்கொண்டிருந்தது! இனி ஒரு தரம் சுருக்கட்டும், மற்றவர்கள் காத்திருக்கட்டும். கடையில் முழுப் பார்சல், அரைப் பார்சல் இரண்டுதான். முக்கால் பார்சல் யாரும் கேட்பதில்லை. படத்துக்கும் இரண்டே அளவு போதும். பார்சல் வாங்கப் போன நுவன் கிரிக்கெட் கதையில் அகப்பட்டு அரை மணித்தியாலமாக வரவில்லை. சரி, போனவர் திரும்பாவிட்டால் இன்னொருவரை அனுப்பு என்று அதையும் எழுதினேன். சுருக்கும் வேலையைத் தனியே ஒதுக்கிவைத்தேன், விழுந்தால் அது மட்டும் விழட்டும் என்று. பசியே தெரியவில்லை.

ஒன்றுகூடலன்று கொட்டாஞ்சேனை மண்டபத்தில் ஐம்பது அன்ரிமார் ஒரே நேரத்தில் கைபேசியைத் தட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் எல்லாத் திரையிலும் முதலில் நான் கீறிய கோணல் பந்தொன்று: "படம் வருகிறது, பொறுங்கள்." யாரோ "இது என்ன, தோடம்பழமா?" என்றார். அடுத்த கணம் ஒன்பது பேரும் வந்து நின்றார்கள். வலப்பக்க ஓரத்தில், இடுப்பில் கைவைத்தபடி, பிலோமினா அன்ரி.

"அடியே, இது நீதான்டி!" என்று ரீற்றா கூவினார். அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். எனக்குத் தலை சுற்றியது, நானும் கூவினேன். பிறகு இருவருமாக என்னையும் அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது அந்த விக்கி இல்லை. சேர்வரைப் பழைய இரும்பு விலைக்கு விற்றாயிற்று, உள்ளே இருந்த பெரிய படமும் போய்விட்டது. அன்ரியின் பிரதியோ கல்கிசைக்கு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. எங்கள் அலுவலகம் இருந்த இடத்தில் அழகு நிலையம். சோற்றுக் கடையும் மூடியாயிற்று.

காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மேசை லாச்சிகளைக் கிண்டினேன். பழைய பென்டிரைவ் ஒன்றில் அரைப் பார்சல் அளவுப் படம் மட்டும் கிடந்தது. பெரிதாக்கினால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. வெட்கத்தோடு குழுவில் போட்டேன். ஒரு நிமிடத்தில் அன்ரியின் குரல்பதிவு வந்தது.

"சின்னதா இருந்தா என்ன மகள், முழுசா நிக்கிறேனே!"