தெருவே சேர்ந்து கொடுத்த சான்று

தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் பொரியும் வாசம் எங்கே வந்தாலும் என் கால் தானாக நின்றுவிடும். மூன்று வருடங்களுக்கு முன், ஆனி மாதக் கடைசியில், ஐந்தருவிக்குப் போகிற சாலையோரச் சிப்ஸ் கடை ஒன்றின் பெஞ்சில், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவரான ஒரு பெண்ணுக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. சட்டை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

அதற்கு எட்டு மாதம் முன்புதான் வளைகுடாவிலிருந்து திரும்பியிருந்தேன். பதினேழு வருடம் அங்கே கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அதிகாரி. சாரம் சரியாகக் கட்டியிருக்கிறதா, உயரத்தில் நிற்பவன் இடுப்பில் பெல்ட் இருக்கிறதா, காற்று எவ்வளவு அடிக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. எடுத்த வேலை முடிந்ததும் கம்பெனி எங்களை மொத்தமாக ஊருக்கு அனுப்பிவிட்டது. நாற்பத்தெட்டு வயது. தென்காசியில் எனக்குப் பார்க்கச் சாரம் இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மேலகரம் வழியாகக் குற்றாலம் வரை நடப்பேன். அருவிக்குக் கட்டியிருக்கிற கம்பித் தடுப்பை ஆட்டிப் பார்ப்பேன். திரும்பி நடப்பேன். அந்த நடையெல்லாம் இப்போது நினைத்தால் இனிக்கிறது. அன்றைக்கு இனிக்கவில்லை.

வேலைத் தொடர்புகளுக்கென்றே இருக்கிற தளம் ஒன்றில் பக்கம் தொடங்கச் சொன்னது பழைய நண்பர் ஒருவர். தொடங்கினேன். செய்த வேலைகளை எழுதினேன். அதில் ஒரு வசதி உண்டு. இன்ன இன்ன திறமை எனக்கு இருக்கிறது என்று நான் பட்டியல் போட்டால், என்னைத் தெரிந்தவர்கள் வந்து "ஆமாம், இருக்கிறது" என்று சான்று சொல்லலாம். சாரம் பரிசோதனை, தீத்தடுப்பு, உயரப்பணிப் பாதுகாப்பு என்று ஒன்பது போட்டேன். ஒன்பதுக்கும் எதிரே பூஜ்யம். தினமும் காலையில் அந்தப் பூஜ்யங்களின் முகத்தில்தான் விழித்தேன்.

இதை என் மனைவியின் தம்பியிடம் சொன்னது தப்பாகிவிட்டது. பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். மனசு தங்கம். "தெருவே உங்களுக்காக நிக்குது, அந்தக் கட்டம் மட்டும் ஏன் மச்சான் காலியா கெடக்கு?" என்று கேட்டவன், குடும்பக் குழுவில் ஒரு சேதி போட்டான். அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடுகிற மாதிரி ஆளாளுக்கு இறங்கிவிட்டார்கள். போனில் அந்தத் தளமே இல்லாதவர்கள் எனக்காகப் புதிதாகச் சேர்ந்தார்கள். இரண்டு நாளில் நாற்பது பேர். தையல்காரர் எனக்குத் தீத்தடுப்பில் சான்று கொடுத்தார். ஓய்வு பெற்ற ஏட்டையா கிரேன் பரிசோதனையில் கொடுத்தார். மனைவியின் சித்தி ஒன்பதிலும் கொடுத்துவிட்டு, "எங்க மருமகன் ஒரு சொல்லுக்குச் சொந்தக்காரர்" என்று கீழே எழுதியும் வைத்தார்.

எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. கண் கலங்கியது, அதுதான் உண்மை. பதினேழு வருடம் ஊரில் இல்லாதவனை ஊர் மறக்கவில்லையே என்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கேரளத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த பெண் நாகர்கோவில்காரர். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சீசனுக்குக் குற்றாலம் வருவதாகவும், அரைமணி நேரம் பார்க்க முடியுமா என்றும் எழுதியிருந்தார். சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அம்மாவைப் பெண்கள் பக்கம் குளிக்க அனுப்பிவிட்டு, ஈரத் தலையோடு அந்தச் சிப்ஸ் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சுற்றிவளைக்கவில்லை. போனில் என் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"சார், சாரம் பரிசோதனையில நீங்க கெட்டிக்காரர்னு மொதல்ல சொல்லியிருக்கவரு பிரியாணிக் கடை வச்சிருக்காரு. அவரு எத்தனை சாரம் ஏறியிருக்காரு?"

"அவன் என் மச்சான்மா" என்றேன்.

"தெரியும். கீழேயே 'கலக்குங்க மச்சான்'னு போட்டிருக்காரே."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இப்படி ஒரு பக்கத்தோடு விண்ணப்பத்தை மேலே அனுப்பினால் என் பதினேழு வருடத்தையும் யாரும் நம்பமாட்டார்கள் என்றார். பெரிய கூட்டம் வேண்டாம், கூட வேலை பார்த்த ஒருவர் நாலு வரி எழுதினால் போதும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து அவர் கேட்டது, இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

"உங்க வேலைக்கு சொந்தக்காரங்க சாட்சி செல்லாது சார். உங்களால நஷ்டப்பட்டு, உங்க மேல கோவமா இருக்கிற ஆளு யாராவது உண்டா? அப்படி ஒருத்தரு எழுதினா நான் நம்புவேன். திங்கக்கிழமை வரைக்கும் உங்க பேப்பரை வச்சிருக்கேன்."

எழுந்து போய் அம்மாவுக்குத் துண்டு கொடுத்தார். நான் பெஞ்சிலேயே இருந்தேன். ஒருவர் இருந்தார்.

வாசுதேவநல்லூர்க்காரர். வளைகுடாவில் எங்கள் தளத்தில் சாரம் கட்டும் குழுவுக்கு ஃபோர்மேன். முதல் நாள் அறிமுகத்திலேயே தென்காசி என்றதும் என் தோளில் கைபோட்டவர். ஒருநாள் அவருடைய சாரத்தில் குறுக்குக் கம்பிகளைக் கழற்றி வேறு இடத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மேலே ஆறு பேர், பெல்ட் இல்லாமல். எல்லோரையும் இறக்கிவிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் பெயரில் அது இரண்டாவது புகார். ஊர்க்காரனுக்கே இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். பேனாவை மூடினேன். வாரம் முடிவதற்குள் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்துக்குப் போகிற வண்டியில் ஏறும்போது என்னைப் பார்க்கவேயில்லை. ஆறு வருடம் ஆகியிருந்தது.

அவர் அந்தத் தளத்தில் இருந்தார். "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று அது வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் முகத்தைக் காட்டும். நான் விரலால் தள்ளிவிட்டுப் போவேன்.

வீட்டுக்கு வந்து முதலில் நாற்பது சான்றையும் மறைத்தேன். சொல்லாமல் மறைக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு வீடாகப் போனேன். பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுப்புகிற மாதிரி இருந்தது. தையல்காரர் சிரித்துவிட்டார். சித்தி, நெட் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார். மச்சானுக்குத்தான் முகம் செத்துவிட்டது. "அப்ப நான் சொன்னது பொய்யா மச்சான்?" என்று ஒருமுறைதான் கேட்டான். இல்லை, நீ பார்க்காததைச் சொன்னாய் என்று விளக்கினேன். தலையாட்டினான். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்குப் பிரியாணி வரவில்லை.

அப்புறம் ஃபோர்மேனுக்கு எழுத உட்கார்ந்தேன். எனக்கு வார்த்தைகள் சுலபமாக வரும், அதுதான் என் நோய். பாலைவனத்துக் காற்று, ஒரே மண், ஒரே பாஷை என்றெல்லாம் நீளமாக எழுதினேன். படித்தால் எனக்கே கூசியது. அழித்தேன். கடைசியில் போனது ஒரு வரி: "உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும், நேரில் வரலாமா?"

பத்து நிமிடத்தில் பதில். "வாரும். பஸ் ஸ்டாண்டுல எறங்கி கூப்பிடும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. புளியங்குடி தாண்டும்போது எலுமிச்சை மூட்டைகளோடு இரண்டு பேர் ஏறினார்கள். வழி முழுக்க என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். அவர் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போய்த் தன் கொட்டகையில் இறக்கியதும் எல்லாம் மறந்துபோனது. சாரம் வாடகைக்குக் கொடுக்கிற தொழில். குழாய்கள் நீளவாரியாக அடுக்கிக் கிடந்தன. திரும்பி வந்த அந்த ஒரு வருடத்தைப் பற்றி அவர்தான் பேசினார். மூத்த மகளின் கல்யாணம் தள்ளிப்போனது, ஊரில் ஆளுக்கொரு கதை கட்டியது, என் பெயரைச் சொன்னாலே அவர் மனைவி எழுந்து உள்ளே போனது. குரலை உயர்த்தவில்லை.

பேசி முடித்ததும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். திங்கட்கிழமை கெடுவையும், மச்சானின் சான்றையும்கூட. அதற்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

"உம்ம மேல கோவம் போகலவே. போகும்னும் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரமாகப் பிடித்து, ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். அந்தக் கால்மணி நேரத்தில் நான் கொட்டகையைச் சுற்றி வந்தேன். வளைகுடாவில் நாங்கள் பரிசோதித்து, 'ஏறலாம்' என்று சாரத்தில் மாட்டுகிற பச்சை அட்டைகளைப் போலவே ஒரு ஆணியில் கொத்தாகத் தொங்கின. அவரே அச்சடித்து வைத்திருந்தார்.

எழுதியதை எனக்குக் காட்டவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது போனில் என் பக்கத்தைத் திறந்துதான் படித்தேன். "இவர் எழுதிக் கொடுத்ததால் என் வேலை போனது. அன்று அந்தச் சாரத்தில் இருந்த ஆறு பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் என் தம்பி."

தம்பி அதில் இருந்தது எனக்குத் தெரியாது.

வேலை கிடைத்தது. மூன்று வருடமாக அந்தப் பட்டறையில்தான் இருக்கிறேன். என் பக்கத்தில் இன்றைக்கும் ஐந்தே ஐந்து சான்றுகள், அதில் மூன்று பேருக்கு என்னைப் பிடிக்காது. முகம் தெரியாத ஆயிரம் பேரோடு நம்மைக் கோத்துவிடுகிற அந்தத் தளம், நான் முகம் கொடுக்கப் பயந்த ஒருவரிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியதே, அதைத்தான் அதன் உபகாரமாக இன்றும் நினைக்கிறேன்.

அன்றைக்கு வாசுதேவநல்லூரில் தென்காசி பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியனுப்ப நின்ற ஃபோர்மேன் ஜன்னல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"போற எடத்துலயும் ஒரு ஊர்க்காரன் வருவான், தோள்ல கை போடுவான். அவனையும் எழுதிப்புடும்."