பன்னிரண்டு நிமிசம் விளையாடின எங்கடை ரீஸ்

இண்டைக்குக் காலமை பாடிங்டன் ஸ்டேசனிலை ஒரு பெடியனை ரெயின் ஏத்தி விட்டிட்டு வந்து இருக்கிறன்.

பேர் ரீஸ். வயசு பத்தொன்பது. வேல்ஸ்காரன். (அவன்ரை ஊர்ப் பேர் எனக்கு இண்டைக்கும் வாயிலை வராது.)

மூண்டு வருசம் இல்ஃபோர்டிலை எங்கடை வீட்டு மேல் அறையிலை இருந்தவன்.

விசயம் தெரியாத ஆக்களுக்கு: தூர இடத்திலை இருந்து வாற இளம் ஃபுட்போல் பிளேயர்ஸை இஞ்சை கிளப்புகள் குடும்பங்களோடை தங்க விடுறவை. அப்பிடி எங்களிட்டை வந்தவன். பதினாறு வயசிலை, பெரிய பை ஒண்டோடை, தாய்க்குப் பின்னாலை வாசல்லை நிண்டவன்.

தகப்பன் இல்லை. தாய்க்கு வயசானவையைப் பாக்கிற கேர் ஹோமிலை வேலை. போகேக்கை என்ரை கையைப் பிடிச்சு ஒண்டுதான் சொன்னவ.

"இவன் அழமாட்டான். அதாலை நீங்கள்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கோணும்."

முதல் கிழமை சோத்தைக் கண்டு பயந்தவன், மூண்டாம் மாசம் மீன் குழம்பு இருக்கோ எண்டு சட்டியைத் திறந்து பார்ப்பான்.

பதினெட்டு வயசிலை பெரிய டீமிலை இறக்கினவை. கப் மட்ச் ஒண்டு, கடைசிப் பன்னிரண்டு நிமிசம். எங்கடை அவர் ஸ்டேடியத்திலை எழும்பி நிண்டு "ஓடு, விடாதை, ஓடு" எண்டு தமிழிலை கத்தினவராம். பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரர் "உங்கடை மகனோ?" எண்டு கேக்க, இவர் "ஓம்" எண்டிட்டார். (அந்த மனுசன் எப்பிடி நம்பினாரோ தெரியேல்லை.)

அடுத்த மாசம் ட்ரெயினிங்கிலை முழங்கால் சவ்வு கிழிஞ்சிட்டுது.

ஒப்பரேசன். ஒன்பது மாசம். ஒவ்வொரு படியிலையும் இருந்து இருந்துதான் கீழை இறங்கி வருவான். பிடிக்கப் போனால் "என்னாலை ஏலும் ஆன்ரி" எண்டுவான். (சொல்லுறது இங்கிலீஷிலை. 'ஆன்ரி' மட்டும் அப்பிடியே அவன்ரை சொல்.)

சுகமாகித் திரும்பிப் போகேக்கை கோச் மாறியிட்டார். புதுக் கோச் இவனை ஒரு மட்சுக்கும் எடுக்கேல்லை.

போன செவ்வாய்க்கிழமை கிளப்பிலை கூப்பிட்டுச் சொல்லிப்போட்டினம், கொன்ட்ராக்ட் நீட்டமாட்டினமாம். பத்து நிமிசக் கதை.

நான் குசினியிலை நிண்டனான். வந்தவன் ஜாக்கெட்டையும் கழட்டாமல் கதிரையிலை இருந்தான்.

"முடிஞ்சுது ஆன்ரி."

"என்னடா முடிஞ்சுது?"

"எல்லாம்."

பிறகு தன்ரை போனை என்னட்டை நீட்டினான்.

"அம்மாவுக்கு நீங்கள் சொல்லுறீங்களோ? என்னாலை ஏலாது."

முழங்கால் சவ்வு கிழிஞ்ச அண்டைக்கும் 'ஏலாது' எண்ட சொல்லைச் சொல்லாத பிள்ளை.

எடுத்தன். தாய் சந்தோசமாத்தான் ஹலோ சொன்னவ. வடிவாச் சொல்லோணும் எண்டு மனசுக்குள்ளை அடுக்கி வைச்ச இங்கிலீஷ் ஒண்டும் வரேல்லை. "கிளப்பிலை இருந்து அவனை நிப்பாட்டிப்போட்டினம்" எண்டு மட்டும் சொன்னன்.

தாய் கேட்டா:

"அழுறானோ?"

திரும்பிப் பார்த்தன். மேசையிலை தலையை வைச்சுக் குலுங்கிக் கொண்டிருந்தான்.

"ஓம். அழுறான்."

"அழட்டும். போனை மட்டும் கட் பண்ணாதையுங்கோ."

போனை அவன்ரை காதுக்குப் பக்கத்திலை வைச்சிட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியிலை வந்திட்டன்.

இனி மாமனோடை கராஜிலை வேலையாம். ஊர்ப்பக்கத்துச் சின்னக் கிளப் ஒண்டு வந்து விளையாடிக் காட்டச் சொல்லியிருக்காம். "பாப்பம் ஆன்ரி" எண்டான். அந்தக் குரலிலை ஆசை ஒண்டும் இல்லை.

ரெயின் வெளிக்கிடேக்கை எங்கடை அவர் கையும் காட்டேல்லை. மற்றப் பக்கம் திரும்பி நிண்டவர்.

வீட்டுக்கு வாற வழியிலை, மனோர் பார்க் தாண்டேக்கை, கிளப்பிலை இருந்து எனக்குப் போன். நல்ல மரியாதையாத்தான் கதைச்சவ, அங்கை பெடியளுக்கு வீடு பாத்துக் குடுக்கிற பிள்ளை.

"ஓகஸ்ட்டிலை அயர்லாந்திலை இருந்து இன்னொரு பெடியன் வாறான். பதினாறு வயசு. அறை இப்ப ஃப்ரீதானே?"

யோசிச்சுச் சொல்லுறன் எண்டிட்டு வைச்சிட்டன். அவரிட்டைக் கேட்டால் "உன்ரை விருப்பம்" எண்டுறார்.

ரீஸ் இப்பவும் ரெயினிலைதான் இருப்பான். அவன் படுத்த கட்டில் விரிப்பை நான் இன்னும் எடுக்கேல்லை.

நீங்கள் என்ரை இடத்திலை இருந்தால் என்ன சொல்லுவியள்?