மயிலிட்டியில் நான் சொன்ன சாட்சி

என் தொண்டையைக் கெடுத்தது ஒரு பூசணிக்காய் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகையன்று, ஆட்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் காய்கறி, வாழைக்குலை, கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிய முற்றத்தில் ஏலம் விடுவோம். பதினெட்டு வருடமாக ஏலக்காரன் நான். ஒலிபெருக்கியைத் தந்தால் அவமானப்பட்டவன் மாதிரித் திருப்பிக் கொடுப்பேன். அந்த வருடம் ஒரு பூசணிக்காயை மூன்றாம் தரம் கூவும்போது குரல் கரகரத்து, வெறும் காற்றாகிப் போனது. சனம் சிரித்தது. நானும் கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து மூடி நடித்துக் காட்டினேன். அன்று அதிகம் சிரிக்கவைத்தது அதுதான்.

ஐந்து கிழமையாகியும் கரகரப்புப் போகவில்லை. மல்லித் தண்ணி, அதிமதுரம், உப்புத் தண்ணி எல்லாம் தொண்டையால் இறங்கிப் போயின. கரகரப்பு மட்டும் அங்கேயே குடியிருந்தது. இதை வாசிக்கிற உங்களுக்கும் மூன்று கிழமைக்கு மேல் குரல் தெளியாவிட்டால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போங்கள். பூசணிக்காயைக் குறை சொல்லாதீர்கள்.

வைத்தியர் இளம் பெண். முதலில் கேட்டது சுருட்டைப் பற்றி.

"பழக்கம் இருக்கோ, ஐயா?"

"அது விட்டு இருபது வருசம்."

"இருபது நாள்," என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி மலர்.

மூக்கு வழியாக நுனியில் விளக்குள்ள மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். பிறகு பயாப்ஸி (சிறு துண்டைக் கிள்ளியெடுத்துச் செய்யும் பரிசோதனை). முடிவு வந்தபோது கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கதைத்தார். குரல் நாணில் (குரலை எழுப்பும் இரண்டு மடிப்புகளில் ஒன்றில்) புற்றுநோய்.

"பயப்பிடாதேங்கோ, ஐயா. நல்ல நேரத்துக்கு வந்திட்டியள். இப்ப எண்டால் கதிர்ச் சிகிச்சை மட்டும் காணும். குரலையும் காப்பாத்தலாம். ஆனால் திகதி மட்டும் பிந்தக்கூடாது."

கதிர்ச் சிகிச்சையின்போது தலை அசையக்கூடாது. அதற்காகச் சூடாக்கிய வலை போன்ற பிளாஸ்டிக்கை முகத்தில் அழுத்தி அளவெடுத்தார்கள். ஆறியதும் அது என் மூக்கு, நாடி, தடித்த கழுத்து எல்லாவற்றோடும் முகமூடியாக இறுகியது. அதில் என் பெயரை எழுதி அலமாரியில் வைத்தார்கள். கிழமைக்கு ஐந்து நாளாக ஆறு கிழமை. உயிர்ப்புப் பண்டிகைக்கு அடுத்த செவ்வாய் தொடக்கம்.

"அதுவரைக்கும் குரலுக்கு ஓய்வு குடுங்கோ. கனக்கக் கதையாதேங்கோ."

மலர் இதிலிருந்த 'கனக்க'வை எடுத்துவிட்டாள்; 'கதையாதேங்கோ' மட்டும் மிஞ்சியது.

அந்த இடைவெளியில்தான், உயிர்ப்புக்கு முந்திய லெந்து நாட்களில், பயணம் வந்தது. நாங்கள் புரட்டஸ்தாந்தர்; யாத்திரை கத்தோலிக்கரின் வேலை என்று சொல்லி வளர்ந்தவர்கள். ஆகவே போதகர் அதற்கு 'வரலாற்றுத் தியானப் பயணம்' என்று பெயர் வைத்தார். வாடகை வான், எட்டுப் பேர், இரண்டு நாள், புளிச்சாதம், பாட்டு, வழியில் வாந்தி. யாத்திரையில் உள்ள எதுவும் அதில் குறையவில்லை. பழைய கோட்டைக்குள் இடிந்துகிடக்கும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தேவாலயம், சங்கானையில் கூரையில்லாத பழைய கிறிஸ்தவக் கோயில், வட்டுக்கோட்டை, கடைசியாக மயிலிட்டி. எல்லாரும் பாடியபோது நான் உதட்டை மட்டும் அசைத்தேன். மலர் என் பக்கத்திலிருந்து காவல் காத்தாள்.

சங்கானையில், கடலிலிருந்து எடுத்த முருகைக்கல் சுவர்களுக்கு நடுவே என்னை முழங்காலில் இருத்தி, ஏழு பேரும் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். வெயில். என் வழுக்கையில் பதினான்கு கை. ஒன்றில் கடலை வடை எண்ணெய். போதகர் நெடுநேரம் மன்றாடினார். வருத்தத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை, 'இந்தப் பலவீனம்' என்றார். நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன். ஆனால் கண் நனைந்ததும் உண்மை. பயந்துபோன மனிதனின் தலையில் யார் கை வைத்தாலும் அப்படித்தான்.

அடுத்த நாள் மயிலிட்டி. நெடுங்காலம் இராணுவத்தின் முள்வேலிக்குள் கிடந்து மீண்ட கரை. ஓர் இடிந்த சுவரின் நிழலில் நின்றோம். சுவருக்கு அப்பால் துறைமுகத்து வள்ளங்கள். முடிவில் யாராவது ஒரு வார்த்தை சொல்லலாம் என்றார் போதகர். பாடகர் குழுச் சுகந்தி கைபேசியை உயர்த்தி வீடியோப் படம் எடுக்கத் தொடங்கினாள். இரண்டு நாள் வாயை மூடியிருந்தவன் அல்லவா, பொறுக்க முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

"போதகர் சொல்லுறார் இது யாத்திரை இல்லையாம். அப்ப ஏன் என்ரை நாரி மட்டும் எருசலேமுக்குப் போட்டு வந்த மாதிரிக் கிடக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கோ திடுக்கென்றது. குரல் தெளிவாக, மணியாக, சுவரில் பட்டுத் திரும்பியது. வான் சாரதியைப் பற்றி இன்னொரு பகிடி விட்டுப் பார்த்தேன். அதுவும் தெளிவு.

"அண்ணை! குரல்!" என்றாள் சுகந்தி.

"சொல்லுங்கோ, அண்ணை," என்றார் போதகர். "கர்த்தர் செய்ததைச் சொல்லுங்கோ."

இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன், அதனால் வீக்கம் வற்றியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவர் அழத் தொடங்கியிருந்தார். சபை எதற்கு ஏங்குகிறது என்று ஏலக்காரனுக்குத் தெரியும்.

"எனக்குச் சுகம் கிடைச்சிட்டுது," என்றேன்.

மலர் மட்டும் கை தட்டவில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி என்றால் சபைக்கு முன் எழுந்து நின்று, தேவன் தனக்குச் செய்ததைச் சொல்வது. சொல்லிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. எடுப்பவனுக்குப் 'பின்வாங்கினவன்' என்று பெயர். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. இதை நேர்மையாக எழுதவேண்டும். சொல்லவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

சுகந்தியின் படம் கனடாவரை போனது. மருதனார்மடத்திலும் வல்வெட்டித்துறையிலும் வீட்டுக் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். மூன்றாவது கூட்டத்தில், சங்கானையில் தொண்டைக்குள் ஒரு சூடு இறங்கியது என்றேன். ஐந்தாவது கூட்டத்தில் வெளிச்சமும் வந்துவிட்டது. விலையை ஏற்றிக் கேட்பது என் தொழில்.

செவ்வாய்க்கிழமை வந்தது. நான் போகவில்லை.

"கூட்டம் முடியட்டும், போவம்," என்றேன்.

"சாட்சி சொன்னது சனத்துக்கு. உங்கடை கழுத்துக்கு ஆர் சொன்னது?" என்றாள் மலர். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. பகிடி விட்டேன். சிரிக்கவுமில்லை.

சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு தாதி இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டார். முதல் தரம் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் நல்ல தெளிவான குரலில், "நான் அவரின்ரை அண்ணன் கதைக்கிறன். தம்பி கனடாவுக்குப் போட்டார்," என்றேன். அந்தக் குரலால் நான் கடைசியாகச் செய்த பெரிய வேலை அது.

விசுவாசத்தில் நின்றிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். நான் நின்றது வெட்கத்தில். அதோடு, ஆறு கிழமை அந்த முகமூடிக்குள் கிடக்கப் பயம். இரண்டுக்கும் சேர்த்து விசுவாசம் என்று பெயர் வைத்தேன்.

ஆனியில் கரகரப்புத் திரும்பியது. சளித் தடிமன் என்றேன். ஆவணியில் விழுங்கும்போது காதுக்குள் குத்தியது. ஐப்பசியில் கிணற்றடியிலிருந்து குசினி அடுப்புவரை நடக்க மூச்சு விசிலடித்தது. மலர் ஒன்றும் பேசாமல் முச்சக்கரவண்டிக்குச் சொல்லி, என்னைக் கையில் பிடித்து ஏற்றினாள்.

அதே வைத்தியர். குழாயை விட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"குரல்வளையை முழுக்க எடுக்கவேணும், ஐயா. இனி வேறை வழி இல்லை."

"குரல்?"

அவர் மலரைப் பார்த்தார். எனக்கு விளங்கியது.

வெளியே வந்தபோது பதிவு மேசையில் ஒரு தாதி என் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கனடாவாலை எப்ப வந்தனீங்கள், ஐயா?" முகத்தில் சிரிப்பில்லை. "உங்கடை முகம் இன்னும் இஞ்சை அலுமாரிக்குள்ளைதான் கிடக்குது."

சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான் மூச்சு விடுவது கழுத்தின் அடியில் இருக்கும் துளையால். வாய்க்கும் நெஞ்சுக்கும் இடையில் காற்றுப் பாதை இல்லை. உங்களுக்கும் இது நேரப்போகிறது என்றால், சிலவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். தேத்தண்ணியை ஊதி ஆற்ற முடியாது. மூக்கால் காற்றுப் போகாததால் கறி கருகினாலும் மணக்காது. தும்மினால் கழுத்துக்குத்தான் கைலேஞ்சி. குளிக்கும்போது துளையை மறைக்கவேண்டும். சிரிப்பு வரும்; ஆனால் தோள்கள் மட்டும் குலுங்கும், சத்தம் இராது. கழுத்தில் அழுத்திப் பேசும் கருவி ஒன்று உண்டு. நான் அதை முதல் தரம் போட்டபோது பக்கத்து வீட்டு நாய் மதிலைத் தாண்டியது. உங்கள் அயலில் நல்ல நாய்கள் இருக்கலாம், முயன்று பாருங்கள். நான் கொப்பியில் எழுதுகிறேன்.

பிறகு கதிர்ச் சிகிச்சையும் தந்தார்கள், அதே ஆறு கிழமை. எதற்குப் பயந்து ஓடினேனோ அதையும் விடவில்லை. கழுத்தின் வடிவம் மாறிவிட்டதால் பழைய முகமூடி பொருந்தவில்லை, புதிதாய் அளவெடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி விடுதிக்குப் போதகர் வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார். விழுங்க ஏலாதவனுக்குத் தோடம்பழம். கட்டிலருகில் இருந்து, குரலைத் தாழ்த்தி, "உங்கடை விசுவாசம் இடையிலை எங்கையோ தளர்ந்திட்டுது போலை, அண்ணை," என்றார்.

கொப்பியை எடுத்து, 'அது இருந்தால்தானே தளரும்' என்று எழுதி நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி, துடைத்து, போட்டு, வாசித்தார். சிரிக்கவில்லை. இப்போது என் பகிடிகள் எல்லாம் இப்படித்தான். நான் எழுதி, அவர்கள் வாசித்து முடிக்கும்போது அந்தக் கணம் தாண்டிப் போயிருக்கும். எல்லாருக்கும் ஒரு நிமிடம் பிந்தி நான் வாழ்கிறேன்.

சபையில் என் சாட்சியை இன்னும் ஒருவரும் திருத்தவில்லை. நான் மட்டும் திருத்தப்பட்டேன். இந்த லெந்து காலத்திலும் பயணம் போனார்கள். "இந்த முறை வான் சின்னன், அண்ணை," என்றாள் சுகந்தி. நான் கேட்டுக்கொண்டதால் தன் கைபேசியிலிருந்த படத்தை அழித்தாள். ஆனால் அது ஊருலகம் எங்கும் ஓடித் திரிகிறது. போன மாதம் முன்பின் தெரியாத ஒருவர் வெளிநாட்டிலிருந்து செய்தி அனுப்பினார். தனக்கும் தொண்டைதானாம், என் சாட்சியைப் பார்த்துப் பெலன் கொண்டாராம், சிகிச்சையைத் தள்ளிப்போட யோசிக்கிறாராம். என் கழுத்தைப் படம் பிடித்து அனுப்பி, கீழே, 'தந்த திகதிக்குப் போங்கோ' என்று எழுதினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை. அவர் எவருடைய கூட்டத்தில் இருக்கிறாரோ. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியது அன்றுதான்.

என் குரல் பதிவாகிய வேறெதுவும் எங்கள் வீட்டில் இல்லை. ஏலத்தை எவரும் பதிவு செய்யவில்லை. ஒலிபெருக்கியையே வேண்டாம் என்றவன் நான். மிச்சமிருப்பது அந்தப் பொய் ஒன்றுதான், மலரின் கைபேசியில். அழி என்று எழுதிக் காட்டினேன். கொப்பியை மூடி என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

சில காலைகளில் குசினியிலிருந்து என் குரல் கேட்கும். எருசலேம், என் நாரி, வான் சாரதி. சனம் சிரிக்கும். மலரும் மெல்லச் சிரிப்பாள். பிறகு, சுகந்தி "அண்ணை! குரல்!" என்று கத்துவதற்குச் சற்று முன்னால், மலரின் பெருவிரல் இறங்கும். நாற்பது விநாடி. எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அவள் ஒருநாளும் ஓடவிட்டதில்லை.

நான் அறையில் கழுத்தால் மூச்சு விட்டபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாற்பதாவது விநாடியில் நான் இன்னும் பொய் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை இன்னும் வரவில்லை. அலமாரியில் என் முகம் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.