சந்தேகத்துக்கு நம்பர் கிடையாது

அமெரிக்காவில் யாரோ ஒருவர் மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டால், ஏற்காட்டில் நான் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டும். அதுதான் என் தொழில். வைரஸைத் தேடும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அங்கே ஐந்து இலக்கத்தில் ஓர் எண் உண்டு. டாக்டர் கிறுக்கியதைப் படித்து, பில்லில் சரியான எண்ணைப் போட்டால்தான் இன்ஷூரன்ஸ்காரன் மசிவான். என் கான்வென்ட் இங்கிலீஷை நம்பி, சேலத்துக் கம்பெனி ஒன்று வீட்டுக்கே லேப்டாப் அனுப்பியிருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பாவப்பட்ட பெண்களே, உங்களுக்குக் குக்கர் விசில்தான் இடைஞ்சல். இங்கே என் எண்ணால் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மகளின் கல்யாணமே நிற்கப் பார்த்தது. முதலில் சில்லறைத் துன்பங்கள்.

சளிக்கு எத்தனை மார்க்

என் கணவர் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் விளக்கச் சொல்வார். விளக்க ஆரம்பித்தால் பேப்பரைப் பிரிப்பார். வைரஸையே தேடினால் ஓர் எண், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கியதைத் தேடினால் வேறு எண், ஒரே குச்சியில் ஃப்ளூவையும் கொரோனாவையும் சேர்த்துத் தேடினால் இன்னொன்று என்று ஒரு நாள் பொறுமையாகச் சொன்னேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "மூட்டை காப்பிக்கே நாங்க ஒரு மார்க்குதான் போடுவோம். சிந்திப் போடற சளிக்கு இத்தனையா புள்ள?"

மலையேறாத ஆடிட்டர்

என் வேலையைச் சரிபார்ப்பவன் சேலத்தில் இருக்கிறான்; என் மகன் வயது. பனி இறங்கினால் இங்கே நெட் போய்விடும் என்பதை நான் கட்டிய கதை என்றே நினைக்கிறான்.

ஒரு டாக்டர், 'ஃப்ளூவாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார். காய்ச்சல், இருமல், உடம்பு வலி. இந்தக் குளிரில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்குத் தெரியாதா? பரிசோதனையைப் போல நோய்க்கும் தனி எண் உண்டு; ஃப்ளூ என்றே போட்டேன். திருப்பி அனுப்பிவிட்டான். உறுதியாகாத நோயை எழுதக் கூடாதாம். காய்ச்சல், இருமல் என்று மட்டும் போட வேண்டுமாம். கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் முழுவதையும் போனில் கொட்டினேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்: "நீங்க சொல்றது நொம்ப சரிங்க மேடம். ஆனா சந்தேகத்துக்கு நம்பர் கிடையாதுங்க."

கரடியூர் சம்பந்தி

ஸ்டெல்லாவின் மகள் ஜெனிஃபர் நர்ஸ். ஆஸ்பத்திரி வேலையில் சேருமுன், எல்லா நர்ஸுகளையும் போலக் காமாலை வைரஸ் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். லேபில் அவள் உட்கார்ந்திருந்ததைக் கரடியூர் மாப்பிள்ளையின் சொந்தம் ஒன்று பார்த்துவிட்டது. மறுநாளே மாப்பிள்ளையின் அம்மா பிலோமினா, ஒரு பை பட்டர் ஃப்ரூட்டோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். பெண் வீட்டில் கேட்கக் கூச்சமாம். வைரஸுக்கு நம்பர் போடுகிற எனக்குத் தெரியாமல் இருக்குமா? காமாலை வைரஸுக்கு என்ன நம்பர் என்று கேட்டார்.

வேலை நேரம். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: எண்பத்தேழாயிரத்து முந்நூற்று நாற்பது. அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெண் உடம்பில் வைரஸ் அத்தனையா? ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டாம் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லப் போவதாக எழுந்தார்.

பிடித்து உட்கார வைத்தேன். அது தேடுகிற வேலைக்கு உள்ள எண், கிடைத்ததற்கு அல்ல என்றேன். ஒன்றுமில்லாமலா தேடுவார்கள் என்றார். துபாய் போகும்போது உங்கள் மகன் மூக்கில் குச்சி விட்டார்களே, அவனுக்குக் கொரோனாவா என்றேன். அது ஏர்போர்ட்டில் கேட்டார்கள் என்றார். இது ஆஸ்பத்திரியில் கேட்டார்கள் என்றேன். ஆடிட்டர் சொன்னதையும் சொன்னேன், சொந்தச் சரக்கு போல. அம்மாள் அசையவில்லை.

எங்களுக்கும் ஸ்டெல்லா வீட்டுக்கும் நடுச்சுவர் மெல்லியது. ஜெனிஃபர் உள்ளே வந்தாள். அழவில்லை. "ரிசல்ட் வந்திருச்சுங்க அத்தை, வைரஸ் இல்லீங்க. உங்க பையனுக்கும் ஒருக்கா பாத்தரலாங்களா? ஊசி நானே குத்தறேன்."

பிலோமினா என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். பையன் வந்தான், வியர்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான். அவனுக்கும் ஒன்றுமில்லை. ஓலை வாசித்து முடிந்ததும் கோவில் வாசலில் பிலோமினா போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பையன் வைரஸ்ல பாஸுங்க. மருமகளே கைப்படப் பாத்தது."

சந்தேகத்துக்கும் ஒரு நம்பர் வந்துவிட்டால் எனக்கு அமெரிக்கா வேண்டியதில்லை, இந்த மலையே போதும்.